ஸமீரா பெயரில் இருபத்துநான்கு கிரெடிட்

லான்மடாவ், ரங்கூன்
22 டிசம்பர் 1996

அடியே தமிழ்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் பாதி பொய்யாகிவிடும். நீ நலமாக இருப்பாய். இங்கே காலேஜ்களை மூடிவிட்டார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் மாணவர்கள் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள், சில நாளில் எல்லா வாசலிலும் பூட்டு. வாப்பா முப்பது வருஷமாகப் பூட்டு விற்கிறார், அவர் கடையில்கூட அத்தனை பெரிய பூட்டுக் கிடையாது. எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் விரைவில் என்கிறார்கள். எண்பத்தெட்டில் மூடியபோதும் அதையேதான் சொன்னார்கள், திறக்க மூன்று வருஷம் ஆயிற்று.

நீயும் நானும் மார்ச்சில் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, காலேஜுக்கு வழிவிடுகிற பத்தாவது எழுதினோம். எனக்கு நான்கு பாடத்தில் டிஸ்டிங்ஷன், உனக்கு ஒன்று. ஒன்று வாங்கியவள் அப்பாவின் லாட்டரி விசாவில் அமெரிக்கா போய்விட்டாள். நான்கு வாங்கியவள் கடையில் கீல்களை அளவு வாரியாகப் பிரித்து அடுக்குகிறாள். வயிறு எரிகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன கடிதத்தில் ஒன்று சொன்னாய். உன்னை மறுபடியும் பள்ளிக்கூடத்தில், பதினொன்றாம் வகுப்பில் போட்டுவிட்டார்கள், ஆனால் அங்கே பள்ளிக்கூடத்திலேயே சில பாடங்களைக் காலேஜ் தரத்தில் படிக்கலாம், பாஸ் செய்தால் காலேஜ் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்று. அதை விளக்கமாக எழுது. காலேஜ் திறக்காத ஊரில் காலேஜின் முதல் வருஷத்தை வெளியில் நின்றே முடிக்க வழி உண்டு என்றால் எனக்கு அது வேண்டும். உம்மா எனக்கு இருபது வயது வரை தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் ஏதாவது ஒரு காலேஜில் உட்காராவிட்டால் மணமேடையில் உட்கார வேண்டியதுதான்.

தமிழிலேயே எழுது. உன் தமிழ் கோணல்தான், என்னுடையதும் அப்படித்தான். ஆனால் தபாலைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த எழுத்து தெரியாது.

ஸமீரா

ஜெர்சி சிட்டி
2 பிப்ரவரி 1997

என் நான்கு டிஸ்டிங்ஷன் தோழிக்கு,

நீ எரிந்தால் நான் என்ன செய்வேன், எரி. நானும் இங்கே சும்மா இல்லை. பத்தாவது பாஸ் செய்துவிட்டு வந்த என்னைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருக்கிறார்கள். மார்க் ஷீட்டில் சான்டா, பாஸ்போர்ட்டில் தமிழரசி குழந்தைவேலு. யாரடி இந்த சான்டா என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பர்மாப் பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று விளக்கிச் சொன்னேன். பள்ளி ஆபீஸ் அம்மாள் தலையை ஆட்டிவிட்டு எழுதியதை எழுதிவிட்டாள். இரண்டும் நான்தான் என்று நம் ஊர் வார்டு ஆபீஸ் கொடுத்த சத்தியப் பத்திரம் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் வகுப்பு தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பில் இடம் போய்விட்டது.

சரி, நீ கேட்ட விஷயம். பள்ளியில் ஆலோசனை சொல்கிற அம்மாளிடம் மூன்று நாள் நின்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலாவது ஏ.பி. நான் படிப்பது இது. ஹோட்டலில் வேண்டியதை மட்டும் வரவழைத்துச் சாப்பிடுவது மாதிரி. கணிதம் மட்டும் எடுக்கலாம், கூட ரசாயனம் எடுக்கலாம். மே மாதம் ஒரு பரீட்சை, ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண். நான்கோ ஐந்தோ வாங்கினால் பல காலேஜ்கள் கிரெடிட், அதாவது காலேஜில் படித்து முடித்ததாகக் கணக்கு, தரும், மூன்றுக்குச் சில காலேஜ்கள், இரண்டுக்கு யாரும் தர மாட்டார்கள். ஆனால் பரீட்சை நடத்தப் பள்ளிக்கூடம் வேண்டும். ரங்கூனில் அதற்கு வெளிநாட்டார் பிள்ளைகள் படிக்கிற இடம்தான், நீயும் நானும் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை.

இரண்டாவது ஐ.பி. அது கல்யாணப் பந்தி. இலை போட்டாயிற்று என்றால் ஆறு பாடமும், நீளக் கட்டுரை ஒன்றும், ஊருக்கு உழைத்ததற்குச் சாட்சியும் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்திருக்கலாம். இரண்டு வருஷமும் அந்தப் பள்ளியிலேயே இருக்க வேண்டும். உனக்கு அது ஆகாது. மூன்றாவது, பள்ளியில் படித்துக்கொண்டே பக்கத்துச் சின்னக் காலேஜுக்குப் போய் உட்காருவது. அந்தக் கிரெடிட் இந்த மாநிலத்துக்குள் செல்லும், வெளியே போனால் முகம் சுளிப்பார்களாம்.

நான்காவதுதான் உனக்கு. லண்டன் ஏ லெவல். அது இங்கே யாரும் படிப்பதில்லை, ஆனால் காலேஜ்களின் பட்டியலில் இருக்கிறது. ஒரு ஏ லெவல் பாடத்துக்கு எட்டுக் கிரெடிட், என் ஏ.பி. ஒன்றுக்கு நான்குதான் பல இடத்தில். மூன்று பாடம் பாஸ் செய்தால் இருபத்துநான்கு, ஏறக்குறைய முதல் வருஷம் முழுவதும். பள்ளிக்கூடத்தில் சேராமல் வீட்டிலிருந்து படித்து எழுதக்கூடியது நான்கில் இது ஒன்றுதான். ரங்கூனில் பரீட்சை ஆபீஸ் இருக்கிறது, விசாரி.

இந்த உறையில் மஞ்சள் காகிதத் துண்டு பத்து வைத்திருக்கிறேன். புளிப்பில் தோய்த்தால் சிவக்கும், சோடா உப்பில் நீலமாகும். ரசாயன வகுப்பில் உன் நினைவு வந்து எடுத்தேன், திருட்டுத்தான்.

தமிழ்

லான்மடாவ்
20 மார்ச் 1997

தமிழ்,

பத்துத் திருட்டுக் காகிதத்தில் எட்டுத்தான் வந்து சேர்ந்தது, தபாலைப் பிரித்தவர்கள் இரண்டை எடுத்துக்கொண்டார்கள் போல. எலுமிச்சம்பழம், மொஹிங்காவின் மீன் சாறு, உம்மாவின் தேங்காய்ப்பால், மூத்தவள் சைதா ராத்தா முகத்தில் பூசியிருந்த தனாக்கா என்று எல்லாவற்றிலும் தோய்த்துப் பார்த்தேன். ராத்தா விரட்டினாள். இரண்டு மீதி வைத்திருக்கிறேன்.

பரீட்சை ஆபீசைக் கண்டுபிடித்துவிட்டேன். நீ சொன்னது சரி, தனியாக எழுதலாம். ஆனால் ரசாயனம் கிடையாதாம். செய்முறைத் தேர்வுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு ஆய்வுக்கூடம் இல்லை. ஆக, கணிதம், பொருளாதாரம், கணக்குப் பதிவியல். பேனாவும் காகிதமும் போதும் என்கிற மூன்று பாடம். அன்றைக்கு வீடு வந்து கொஞ்சம் அழுதேன். பிறகு கிரெடிட்டுக்கு எந்தப் பாடமானால் என்ன, அங்கே வந்து ரசாயனத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பன்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்கள் கிடைக்கின்றன. பொருளாதாரப் புத்தகத்தில் கடைசி அறுபது பக்கம் இல்லை. கடைக்காரர் அதைத் தனியாக வேறொருவருக்கு விற்றுவிட்டாராம்.

ஒரு சந்தேகம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. நம் ஊரில் யாருக்கு இரண்டு கட்டத்துக்குப் பெயர் இருக்கிறது? அடையாள அட்டையிலும் பத்தாவது மார்க் ஷீட்டிலும் நான் தீடா வின். வீட்டில் ஸமீரா பீவி. எந்தப் பெயரில் எழுதட்டும்? ஜூலையில் பதிந்துவிட்டால் அடுத்த வருஷம் ஜூன் வரை படித்து எழுதலாம். நீ அங்கே பட்டுத் தெரிந்தவள், சொல். வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸமீரா

ஜெர்சி சிட்டி
28 ஏப்ரல் 1997

ஸமீரா,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உன் சொந்தப் பெயரில் எழுது. சான்டா என்ற பெயரால் நான் இங்கே ஒரு வருஷம் தொலைத்தேன். பெயரைப் பார்க்கிறவன் அப்பன் பெயரும் சேர்ந்து வருகிறதா என்றுதான் பார்க்கிறான். சொந்தப் பெயர் கட்டத்தில் ஸமீரா பீவி, குடும்பப் பெயர் கட்டத்தில் வாப்பா பெயர், இப்ராஹிம். பத்தாவது மார்க் ஷீட்டுக்கு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று வார்டு ஆபீசில் ஒரு சத்தியப் பத்திரம் வாங்கினால் போயிற்று. வார்டு ஆபீசில் இருக்கிற எங்கள் குடும்பப் பட்டியலில் சான்டா என்கிற தமிழரசி என்றே இருந்ததால் எழுத்தர் ஐந்து நிமிஷத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார், தாமதமெல்லாம் தபாலில்தான். உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

உனக்கு நான் பட்ட கஷ்டம் வேண்டாம். முதலிலிருந்தே சரியான பெயரில் போ.

அடுத்த வாரம் எனக்குக் கணித ஏ.பி. உன் வாப்பாவைத் துஆ செய்யச் சொல். அம்மா இங்கே காளி படத்துக்கு எலுமிச்சை வைத்துக் கும்பிடுகிறாள், எல்லாத் திசையிலிருந்தும் வரட்டும்.

தமிழ்

லான்மடாவ்
10 ஜூலை 1997

தமிழ்,

பதிந்துவிட்டேன். ஸமீரா பீவி இப்ராஹிம். எழுதிய பிறகு அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெயரை அச்சடித்த காகிதத்தில் நான் பார்த்ததே இல்லை.

சைதா ராத்தாவுக்குப் பிடிக்கவில்லை. உனக்குத் தெரியும், அவள் அரசாங்க நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிற சயாமா, எதற்கும் பயப்படுவாள். "அட்டையில ஒரு பேரு, பரீட்சையில ஒரு பேரு. நாளைக்கு ரெண்டும் ஒரே ஆளுன்னு யாரு வந்து சொல்லுவா?" என்றாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தமிழரசி சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

வாப்பாதான் முடிவு செய்தார். அவர் அதிகம் பேச மாட்டார், தெரியுமே. விண்ணப்பத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார்.

"வெளிநாட்டுக்குப் போற காயிதத்துலயாவது எம் பேரு வரட்டும்மா," என்றார்.

பரீட்சை ஆபீசுக்கு அவரே கூட வந்தார். அடையாளத்துக்கு அட்டை கேட்டார்கள். வாப்பா தன் கடை உரிமத்தைக் காட்டி, இவள் என் மகள் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். கட்டணம் கட்டியாயிற்று, எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இனி பதினொரு மாதம் கடிதம் குறைவாகத்தான் வரும். கோபித்துக்கொள்ளாதே, படிக்கிறேன்.

ஸமீரா

லான்மடாவ்
25 ஆகஸ்ட் 1998

தமிழ், தமிழ், தமிழ்,

கணிதம் ஏ. கணக்குப் பதிவியல் ஏ. பொருளாதாரம் பி, அது அந்த அறுபது பக்கத்தின் வேலை.

இந்த ஊரில் இந்த முறை தனியாக எழுதியவர்களில் நான்தான் முதலாம். பரீட்சை ஆபீசில் என் புகைப்படத்தைக் கேட்டு வாங்கி, பெயர் எழுதி, நுழைந்ததும் கண்ணில் படுகிற பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். வாப்பா கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் அந்த வழியாக ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்.

இருபத்துநான்கு கிரெடிட். உன்னுடையது எத்தனை? சொல், நானும் கொஞ்சம் உன்னை எரிய வைக்கிறேன்.

ஸமீரா

ஜெர்சி சிட்டி
3 அக்டோபர் 1998

ஸமீரா,

எரிகிறேன், திருப்திதானே? கணிதத்தில் ஐந்து, ரசாயனத்தில் நான்கு, அமெரிக்க வரலாற்றில் இரண்டு. மொத்தம் எட்டுக் கிரெடிட். நீ மூன்று மடங்கு. அம்மா உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதாள்.

நான் சேர்ந்திருக்கிற காலேஜில் உன்னைப் பற்றிப் பேசினேன். உறையில் நீ வைத்திருந்த ரிசல்ட் நகலைக் காட்டினேன். அடுத்த செப்டம்பருக்கு இடம் தருகிறோம், முதல் வருஷத்தைத் தாண்டிவிடலாம், கட்டணத்தில் பாதிக்குமேல் உதவித்தொகை உண்டு என்கிறார்கள். நம் ஊர்ப் பத்தாவதை மட்டும் வைத்து இங்கே யாரும் சேர்க்க மாட்டார்கள். ஏ லெவல் இருப்பதால்தான் கதவு திறந்தது.

வேண்டியது மூன்று. ஏ லெவல் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட், பாஸ்போர்ட் நகல். பெயர்கள் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் அந்தச் சத்தியப் பத்திரம். வார்டு ஆபீசில் ஐந்து நிமிஷ வேலை. படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். விடுதியில் என் அறையில் இன்னொரு கட்டில் காலியாகிறது, அதை உனக்கென்று சொல்லி வைக்கட்டுமா?

தமிழ்

லான்மடாவ்
12 டிசம்பர் 1998

தமிழரசிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. வாப்பாவின் சிநேகிதர் பீர் முகைதீன் காக்கா பினாங்கு போகிறார், அங்கேயிருந்து அனுப்புவார். படித்ததும் கிழித்துவிடு.

நான் வாப்பாவின் மகள் இல்லை. காகிதத்தில் இல்லை. வாப்பாவிடம் இருப்பது அயல்நாட்டார் பதிவு அட்டை. இங்கேயே பிறந்தவர், ஆனாலும் அதுதான். அவர் பிள்ளைகள் என்று எழுதினால் எங்களுக்கும் சரியான அட்டை வராது, ராத்தாவுக்கு அரசாங்க வேலை வந்திருக்காது. அதனால் நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே குடியுரிமை அட்டை உள்ள உம்மாவின் தம்பி வின் நாயிங் மாமா எங்கள் இருவரையும் தன் குடும்பப் பட்டியலில் தன் பிள்ளைகளாக எழுதிக்கொண்டார். தீடா வின் என்பவள் வின் நாயிங்கின் இரண்டாவது மகள். பாஸ்போர்ட் கேட்டால் அவளுக்குத்தான் கிடைக்கும். பத்தாவது பாஸ் செய்தவள் அவள். ஏ லெவல் பாஸ் செய்தவள் இப்ராஹிமின் மகள்.

இரண்டும் ஒரே ஆள் என்று நான் சத்தியம் செய்தால், மாமா பொய்ப் பட்டியல் கொடுத்தார் என்று சத்தியம் செய்வதாகும். மாமாவைப் பிடிப்பார்கள். ராத்தாவின் அட்டை போகும், வேலை போகும். என் அட்டையும் போகும், பிறகு பாஸ்போர்ட் எங்கே வரும்? உனக்கு ஐந்து நிமிஷ வேலை. எங்கள் பட்டியலில் அந்த ஐந்து நிமிஷம் இல்லை.

நீ கேட்கவில்லை. எந்தப் பெயர் என்று நான் கேட்டபோது ஏனடி கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம். உனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒரு வருஷம் தொலைத்தவள் ஊருக்கெல்லாம் வழி சொல்கிறாய்.

நானும் சொல்லவில்லை, அதுவும் உண்மை. குர்ஆன்மேல் கை வைத்து உம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். எட்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் சாப்பாட்டுக் காரியரிலிருந்து சாப்பிட்டும் உன்னிடம் சொல்லவில்லை. வாப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது, அதனால் பின்னால் வருவதை யோசிக்க மனசில்லை. ராத்தா சொன்னாள். நீ சொன்னதைத்தான் நான் கேட்டேன், எனக்கு வேண்டியதை நீ சொன்னதால்.

வாப்பா வார்டு ஆபீசுக்குப் போகிறேன் என்கிறார். "நான் பெத்தவன்னு சொல்றேன், புடிச்சா என்னயப் புடிக்கட்டும்," என்கிறார். உம்மா அவர் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறாள்.

கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு.

ஸமீரா

ஜெர்சி சிட்டி
20 ஜனவரி 1999

ஸமீரா,

என்னைத் திட்டு. திட்டிக்கொண்டே இரு, எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டுக் கிழித்தேன். நான் கேட்டிருக்க வேண்டும். உன் வீட்டுக்கு அத்தனை முறை வந்தும் குடும்பப் பட்டியலில் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று தேவைப்படவில்லை, அதனால் யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. தீடா வின் பெயரில் மறுபடியும் எழுது. அதே மூன்று பாடம், உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஜூனில் எழுதினால் ஆகஸ்டில் ரிசல்ட். பத்தாவது, ஏ லெவல், பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பெயரில் வந்துவிடும். சத்தியப் பத்திரமே வேண்டாம். காலேஜில் இடத்தை அடுத்த ஜனவரி வரை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டேன், சரி என்றார்கள். கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை.

தமிழ்

லான்மடாவ்
6 ஜூன் 1999

தமிழ்,

உன் யோசனை நல்ல யோசனை. உனக்கு முன்பே எனக்கும் தோன்றியது, அதனால் மார்ச்சில் போனேன். முக்காடு போட்டுக்கொண்டு, ராத்தாவின் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, தீடா வின் என்று தெளிவாக எழுதி அட்டையோடு நீட்டினேன்.

குமாஸ்தா அம்மாள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் தலைக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. என் புகைப்படம் இன்னும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. இந்தக் கண்ணாடியா அதை மறைக்கும்?

நல்ல மனுஷி. சத்தம் போடவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து லபெயே டீ வாங்கிக் கொடுத்தாள். ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதினால் இரண்டையும் ரத்து செய்துவிடுவார்கள், அட்டையைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்கவும் வேண்டிவரும் என்றாள். நான் உன் விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றாள். போகும்போது, உன்னை மாதிரிப் பிள்ளையை இங்கே பார்த்ததில்லை என்றும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பாங்காக் போய் எழுதலாமே என்று நீ எழுதுவாய். எழுதாதே. காலேஜ் கடிதம் எதுவும் இல்லாமல் தனியாக ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வாங்கித் தருகிற தரகன் கேட்பதை வாப்பா கடையை விற்றுத்தான் கொடுக்க முடியும். அவர் விற்பதற்குத் தயாராக இருக்கிறார் என்பதால்தான் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

வாப்பாவிடம், காலேஜில் இடம் நிரம்பிவிட்டதாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எம் பேரு வேணும்னு நான் கேட்டதுதானே என்றார். இல்லை வாப்பா என்றேன். நம்பவில்லை.

பலகையிலிருந்து என் படத்தை எடுத்துவிடச் சொல்ல நினைத்தேன். கேட்காமலே வந்துவிட்டேன்.

ஸமீரா

ஜெர்சி சிட்டி
14 ஜூன் 2001

ஸமீரா,

இரண்டு வருஷமாக நான்கு கடிதம் போட்டேன், பதில் இல்லை. வந்து சேருகிறதா, நீ பேசவில்லையா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுதுகிறேன்.

போன மாதம் பட்டம் வாங்கினேன். அந்த எட்டுக் கிரெடிட்டும் இரண்டு கோடைக்கால வகுப்புகளும் சேர்ந்ததால் மூன்றே வருஷத்தில் முடிந்தது. மேடையில் என் பெயரை முழுசாகக் கூப்பிட்டார்கள், தப்பாகத்தான் கூப்பிட்டார்கள். அப்பா கைதட்டினார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உன் கோப்பு இன்னும் காலேஜில் இருக்கிறது, போய்க் கேட்டேன். ஏ லெவலுக்குக் காலாவதி கிடையாது, பத்து வருஷம் கழித்து வந்தாலும் அதே இருபத்துநான்கு கிரெடிட்தான் என்றார்கள். காலம் மாறலாம் அல்லவா? அங்கே காலேஜ்களைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அட்டைச் சட்டமும் ஒருநாள் மாறலாம். சான்றிதழைப் பத்திரமாக வைத்திரு. எதற்கும் உதவாமல் போகாது.

தமிழ்

லான்மடாவ்
2 செப்டம்பர் 2001

தமிழ்,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை, அதுதான். பட்டத்துக்கு வாழ்த்துகள். மனசாரத்தான் சொல்கிறேன், எரியவில்லை.

வாப்பா மவுத்தாகிவிட்டார். ஆகஸ்ட் ஏழாம் தேதி, கடையில் உட்கார்ந்தபடியே. உம்மா இத்தாவில் இருக்கிறாள், நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், மரணத்தைப் பதிய வார்டு ஆபீசுக்குப் போனோம். மாமாவும் நானும். எழுத்தர் பட்டியலைப் பிரித்து வாசித்தார். இப்ராஹிம், மனைவி ஒருவர். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். மாமா என்னைப் பார்க்காமல், இல்லை என்றார். சாட்சிக் கையெழுத்துக்கு இன்னொரு உறவினர் வேண்டும் என்றார்கள். நான் போட்டேன். தீடா வின், இறந்தவருடைய மனைவியின் தம்பி மகள். பேனா நன்றாகவே எழுதியது. எழுத்தர் அனுதாபம் தெரிவித்தார், மாமாவிடம்.

காலேஜ்களைத் திறந்தார்கள், ஆமாம். நான் தபால் வழியில் பி.ஏ. பதிந்திருக்கிறேன், வருஷத்துக்குப் பத்து நாள் வகுப்பு. மற்ற நாளில் வீட்டில் ஏ லெவல் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பலகைப் படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். இதுவரை நான்கு பேர் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். பாடம் தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் அட்டையில் என்ன பெயர் என்று கேட்கிறேன். வின் நாயிங் மாமா எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். உம்மா கொடுத்த தவணை முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலம் மாறலாம் என்று எழுதியிருந்தாய். மாறலாம். அதற்காகக் காத்துக்கொண்டிருக்க எனக்கு முடியவில்லை, தமிழ். என்னிடம் அதை இனிமேல் சொல்லாதே.

கடையைக் காலி செய்தபோது வாப்பாவின் பச்சை பெல்ட்டில் ஒரு சின்னச் சாவி இருந்தது. தகரப் பெட்டி ஒன்றுக்கு அந்தக் கடையிலேயே விலை கூடிய பூட்டைப் போட்டு வைத்திருந்தார். உள்ளே அவருடைய அயல்நாட்டார் அட்டையும், நீ அனுப்பிய மஞ்சள் காகிதத்தில் மீதியான இரண்டும், என் சான்றிதழும் இருந்தன. சான்றிதழில் கடைசிப் பெயர் இருக்கிற இடம் மட்டும் கைபட்டுக் கைபட்டு மங்கியிருந்தது.

அது எதற்கும் உதவாமல் போகாது என்றாய். கிரெடிட்டுக்கு உதவாது. ஆனால் முத்திரை குத்திய காகிதங்களில் நான் அவருடைய மகள் என்று சொல்கிறது அது ஒன்றுதான். மாமா அதை எரித்துவிடச் சொல்கிறார். பட்டியல் சோதனைக்கு வந்தால் எல்லோருக்கும் ஆபத்து, ராத்தாவுக்கு இப்போது ஒரு குழந்தையும் இருக்கிறது. அவர் சொல்வது நியாயம்தான். என்னால் எரிக்க முடியவில்லை.

அதனால் பீர் முகைதீன் காக்காவிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்து அனுப்புகிறேன். எந்தக் காலேஜிலும் கொடுக்காதே, கோப்பையும் மூடிவிடச் சொல். மடிக்காமல் வைத்திரு, அது போதும்.

இனிமேல் உறைமேல் தீடா வின் என்று எழுது. தபால்காரர் மாறிவிட்டார், இவருக்கு ஸமீராவைத் தெரியாது.

தீடா